வழிமொழிந்தவர்

கூட்டக் குறிப்பில் எதை எழுத வேண்டும் என்பது
இருபத்தோரு வருடப் பழக்கம் எனக்கு.
யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார்,
எத்தனை கை உயர்ந்தது, எத்தனை மணிக்குக் கலைந்தது.
இருமலை எழுதுவதில்லை.
டெக்சாஸ் காற்று தகரக் கூரையைப் பிடித்து
உலுக்கியதை எழுதுவதில்லை.

ஜூன், இரண்டாம் செவ்வாய்.
குடிநீர்க் குழாய்க்கு நிதி. நாய்களுக்கு உரிமம்.
மூன்றாவதாகச் சாலை.
மேற்கே நியூ மெக்சிகோவுக்குப் போகும் நம் சாலையில்
கருவைக் கலைக்கப் போகிறவளை
எவரும் ஏற்றிச் செல்லக் கூடாது;
ஏற்றியவர் மேல் யார் வேண்டுமானாலும் வழக்குப் போடலாம்.

பருத்தி லாரி போகலாம். எண்ணெய் டாங்கர் போகலாம்.
பலகை இடுக்கில் மூக்கை நீட்டிக்கொண்டு
மாடுகள் வெட்டுக்குப் போகலாம்.

பேச ஆளுக்கு மூன்று நிமிடம்.
முட்டை வேகவைக்கும் கடிகாரம் என் கையில்.

ட்வைலா ஹெம்ப்ஹில் எழுந்தாள்.
மூன்று கர்ப்பம் தங்கவில்லை அவளுக்கு.
மூன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறாள். சொன்னாள்.
"வேண்டாம் என்றவர்கள் எனக்குத் தந்திருக்கலாமே."
அதில் நடிப்பு இல்லை. எனக்கு அவளைத் தெரியும்.
மணி அடித்தது.
அடித்த விரல் என்னுடையது.

பள்ளிப் பேருந்து ஓட்டும் ரோசால்வா பாரியென்டோஸ்
சீருடையைக்கூட மாற்றாமல் வந்திருந்தாள்.
"என் தங்கைக்குப் பதினெட்டாம் வாரம் பனிக்குடம் உடைந்தது.
உள்ளே இன்னும் துடிக்கிறது, காத்திருங்கள் என்றார்கள்.
எதற்கு என்றேன். காய்ச்சல் வரட்டும் என்றார்கள்.
வந்தது.
யார் முடிவெடுத்தது என்று கேட்கிறீர்கள்.
நடுங்கிக்கொண்டிருந்தவள் எடுத்தாள்.
நான் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தேன், அவ்வளவுதான்."
இன்னும் நாற்பது நொடி இருந்தது.
உட்கார்ந்துவிட்டாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து ஆண்கள்.
நாள் தள்ளிப்போய்
சுவர்க் காலண்டரை விரலால் எண்ணிய இரவு
ஐவருக்கும் இல்லை.
எண்ணியவளின் பக்கத்தில் படுத்திருந்தவர்
ஒருவர் உண்டு.

டார்வின் ஹக்கபி முன்மொழிந்தார்.
வழிமொழிய ஆளில்லை.
பதினோரு நொடி. கடிகாரம் என்னிடம்தானே இருந்தது.
லைல் ஸ்டெக்கர் தலை நிமிர்ந்து
என்னைப் பார்த்தார்.

தொண்ணூற்றிரண்டில், ஒரு வியாழன், விடியுமுன்,
இரண்டு பையன்களை என் வாசலில் இறக்கிவிட்டு
நீலப் பிக்கப்பை மேற்கே திருப்பினார்.
அன்றைக்கு இங்கேயே தடையில்லை;
லப்பக்கில் தெரிந்த முகங்கள் இருக்குமே என்ற பயம்.
நெல்டா சன்னலோரம் தலை சாய்த்திருந்தாள்.
பையன்களுக்கு பான்கேக் சுட்டுக் கொடுத்தேன்.
அவர்கள் திரும்பி வந்தபோது எதுவும் கேட்கவில்லை.
கேட்காததற்குத்தான்
தேவாலய வாசலில், கடைத்தெருவில், முப்பது வருடமாக
தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னார்.

"வழிமொழிகிறேன்" என்றார்.

வழி தெரிந்தவர்
வழிமொழிந்தார்.

நாலுக்கு ஒன்று. நிறைவேறியது.
அந்த ஒன்றும் பெட்ரோல் பங்க்காரருடையது:
கார்கள் வேறு பாதையில் போய்விடும், வியாபாரம் கெடும் என்றார்.
எட்டு ஐம்பத்திரண்டுக்குக் கலைந்தோம்.

அன்றிரவே தட்டச்சு செய்தேன்.
வழிமொழிந்தவர்: எல். ஸ்டெக்கர்.
ஒரு சொல்லும் கூட்டவில்லை.
பதினோரு நொடிக்காக ஒரு வரியை வெறுமையாக விட்டேன்.
காலையில் அதையும் அழித்தேன்.

வெள்ளிக்கிழமை, ஐந்து மணி, அதே பெட்ரோல் பங்க்.
விளக்கடியில் புழுதி படிந்த கார்.
பின்சீட்டில் ஒரு குழந்தை தூங்குகிறது.
முன்சீட்டில் போர்வைக்குள் ஒருத்தி தூங்கவில்லை.
ஓட்டி வந்தவள் காபி இயந்திரத்தருகே
என்னிடம்தான் கேட்டாள்,
எல்லைக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று.

எழுபத்திரண்டு மைல், என்றேன்.
தானியக் கிடங்கு வந்ததும் வேகத்தைக் குறை,
ஷெரிஃப் அதன் நிழலில்தான் நிற்பார்.

கோப்பைக்கு மூடி தேடிக்கொண்டிருந்தாள்.
கீழ்த்தட்டில் இருக்கும்.
எடுத்துக் கொடுத்தேன்.